ஏற்றத்தில் நின்ற வண்டி

எங்கள் குடியிருப்பில் ஒரு பேட்டரி வண்டி இருக்கிறது. கோல்ஃப் மைதானத்தில் ஓடுமே, அந்த ஜாதி. மெயின் கேட்டிலிருந்து கடைசி டவருக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். நடுவில் ஓர் ஏற்றம். முட்டிவலிக்காரர்கள், மருந்துக்கடைக்குப் போகிறவர்கள், ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்து நொய்டா வெயிலில் மாட்டிக்கொண்ட நம் அம்மா அப்பாக்கள் என்று பல பேர் நம்பியிருப்பது அதைத்தான்.

போன வருடம் ஆடி மாதத்தில் அது படுத்துவிட்டது. சமதரையில் ஓடுகிறது, ஏற்றத்தில் பாதி வழியில் முனகி நின்றுவிடுகிறது. பராமரிப்புக்காரர் வந்தார். ஏற்றத்தில் பேட்டரி முள் சரேலென்று விழுவதைக் காட்டினார். "பேட்டரி போச்சு சார், எட்டையும் மாத்தணும்" என்று இந்தியில் தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொன்றும் 6 வோல்ட், எட்டும் சேர்ந்தால் 48. கொட்டேஷன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. குடியிருப்போர் சங்கத்தில் நான் பொருளாளர். (வங்கியில் வேலை, படித்தது பி.காம். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் கணக்கு நோட்டு என் தலையில்தான் விழும்.) செக்கில் கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தும் விட்டேன்.

தடுத்தவர் பதினோராவது மாடிப் பெரியவர். பொன்மலைக்காரர். ரயில்வேயில் டி.எல். என்று ஒரு பிரிவு உண்டு, அதாவது டிரெயின் லைட்டிங். அதில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பேட்டரி பார்த்தே முதுகு வளைந்துவிட்டது என்பார்.

"தம்பி, ஒரு நாள் பொறுங்க. நான் ஒரு தடவ பாத்துடறேன். பேட்டரி எங்கயும் ஓடிப் போயிடாது."

அவர் அடுத்த நாள் காலையில் செய்தது மூன்றே மூன்று சோதனைகள். மொத்தம் அரை மணி நேரம். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஓர் அரிப்பு வந்துவிட்டது. சில மாதங்களாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் சோதனை, கை.

காவலாளியை வண்டியை ஏற்றத்தில் இரண்டு முறை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வண்டி வந்து நின்றதும் சீட்டைத் தூக்கச் சொன்னார். காவலாளியின் கையில் இரும்புக் கடா இருந்தது. "அதை முதல்ல கழட்டச் சொல்லுங்க. ரெண்டு டெர்மினல்ல பட்டா மணிக்கட்டு வெந்துடும்" என்றார். தன் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கேபிள் நுனியையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனார். நாலாவது பேட்டரிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே இருந்த கேபிளில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இந்தச் சூட்டுக்கு முதலில் கணக்குப் போட்டவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டர் பக்கத்து மது வடிப்பாலை முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆலையில் நீராவிக்குப் பதிலாக மின்மோட்டார் போட்டால் கட்டுப்படியாகுமா என்று பார்க்க ஆரம்பித்தவர். (செலவுக் கணக்கில் ஆரம்பித்த விஞ்ஞானி என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.) 1840-41ல் அவர் கண்டது இது: கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது.

எங்கள் வண்டியை வைத்தே பார்ப்போம். ஒரு மூட்டு கெட்டுப் போய் அதில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவே அற்பமான எண். சமதரையில் 50 ஆம்பியர் ஓடினால் அந்த மூட்டில் 50 வாட் வீணாகிறது. ஒரு பழைய குண்டு பல்பு அளவு. கவனிக்கவே மாட்டோம். ஏற்றத்தில் மோட்டார் 200 ஆம்பியர் கேட்கும்போது அதே மூட்டில் 800 வாட். அது இஸ்திரிப் பெட்டி. கட்டைவிரல் அளவு இடத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு! சமதரையில் ஓடும் வண்டி ஏற்றத்தில் நிற்பதன் ரகசியம் பாதி இதில் இருக்கிறது.

இரண்டாவது சோதனை, ஆசிட்.

பெரியவர் பையிலிருந்து ஹைட்ராமீட்டரை எடுத்தார். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு மிதவை. ஒவ்வொரு செல்லின் மூடியையும் திறந்து, ஆசிட்டைக் கொஞ்சம் உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து என்னை எழுதச் சொன்னார். "பன்னெண்டு அறுபது... பன்னெண்டு அறுபத்தஞ்சு..." அதாவது 1.260, 1.265. எட்டு பேட்டரியில் 24 செல்கள். ஏழு பேட்டரிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் 1.220.

இந்த ஆசிட் கதை 1859ல் பாரிஸில் ஆரம்பிக்கிறது. காஸ்டன் பிளான்டே இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் துணி வைத்துப் பாய் மாதிரிச் சுருட்டி, கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் வைத்தார். மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன்னால் இருந்த பேட்டரிகள் செலவு செய்தால் தீர்ந்து போகிறவை. மறுபடி மறுபடி நிரப்பக்கூடியதாக நடைமுறைக்கு வந்த முதல் பேட்டரி இதுதான். (டெபாசிட் என்று ஒன்று அன்றுதான் மின்சாரத்துக்கு வந்தது என்று எங்கள் பாஷையில் சொல்லலாம்.) 1860ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன்னால் ஒன்பது செல்களை வைத்துக் காட்டினார். ஆனால் ஒரு சங்கடம். தகடுகள் பக்குவப்பட மாதக்கணக்கில் நிரப்பிக் காலி செய்து, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பை ஒழித்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், கமீல் ஃபோர். 1881 வாக்கில் அவர் ஈய ஆக்சைடைக் களிம்பு போலக் குழைத்துத் தகட்டின் மேல் பூசினார். தோசைக்கல்லில் மாவு தேய்ப்பது போல. கொள்ளளவு பெருகியது, நேரம் மிச்சம். அந்த வருடம் மே மாதம் ஃபோர் செல்கள் ஒரு பெட்டியில் பாரிஸிலிருந்து கிளாஸ்கோவுக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனுக்குப் போய்ச் சேர்ந்தன. மின்சாரத்தைப் பெட்டியில் வைத்து ஊர் விட்டு ஊர் அனுப்பலாம் என்பதே அப்போது பெரிய செய்தி.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை அடுத்த வருடமே, 1882ல், இங்கிலாந்தில் கிளாட்ஸ்டனும் டிரைப்பும் விளக்கினார்கள். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அமிலத்தின் கந்தகப் பங்கு தகடுகளில் போய் ஈய சல்ஃபேட்டாக ஒட்டிக்கொள்கிறது. மிச்சமிருப்பது தண்ணீர் பக்கம் சாய்கிறது. சார்ஜ் ஏற்றினால் சல்ஃபேட் கரைந்து அமிலத்துக்கே திரும்புகிறது. அதனால்தான் ஆசிட்டின் அடர்த்தியே பேட்டரியின் பாஸ் புக். முழுதும் நிரம்பியிருந்தால் 1.265க்குப் பக்கம், காலியானால் 1.120க்குப் பக்கம். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் அந்த சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. பேட்டரியின் உண்மையான சாவுகளில் இது முக்கியமானது. இன்னொன்று தண்ணீர் வற்றித் தகடு காய்வது. குழாய்த் தண்ணீரை ஊற்றினாலும் ஆயுள் குறையும். அதற்கு டிஸ்டில்ட் வாட்டர்தான்.

பெரியவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். "செத்த பேட்டரி இப்படியா தம்பி காட்டும்? ஒண்ணு மட்டும் கொஞ்சம் சோர்ந்திருக்கு. அதுக்குத் தனியா சார்ஜ் குடுத்தா வந்துடும்."

மூன்றாவது சோதனை, மீட்டர். இங்கேதான் எனக்குப் பாடம்.

வண்டி சும்மா நிற்கும்போது எட்டையும் அளந்தார். ஒவ்வொன்றும் 6.3க்குப் பக்கம். மொத்தம் 50 வோல்ட்டுக்கு மேல். அந்தச் சூடான கேபிளின் இரண்டு நுனியிலும் மீட்டரை வைத்தார். பூஜ்யம். "பாத்தீங்களா? இப்ப எல்லாரும் யோக்கியன்" என்றார். அப்புறம் முன் சக்கரத்தை நடைபாதைக் கல்லில் முட்ட வைத்துவிட்டு, காவலாளியைப் பக்கத்தில் நின்றபடி ஆக்சிலரேட்டரை இரண்டு நொடி மட்டும் அழுத்தச் சொன்னார். அந்த இரண்டு நொடிகளில் பேட்டரிகள் 5.9, 6.0 என்று நின்றன. நல்ல கேபிள்களில் வோல்ட்டில் சொற்பம்தான். ஆனால் அந்த ஒரு கேபிளில் 4 வோல்ட். ஒரு பேட்டரி கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு முழக் கம்பி விழுங்கிக்கொண்டிருந்தது. முள் விழுந்தது உண்மை. குற்றவாளிதான் வேறு.

இதற்கான விதியைச் சொன்னவர் ஜார்ஜ் சைமன் ஓம். கொலோன் நகரப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் சோதனை செய்தபோது வந்த முதல் தொல்லை என்ன தெரியுமா? பேட்டரிதான்! அன்றைய பேட்டரிகளின் அளவு நிலையாக நிற்காமல் ஏறி இறங்கியதால் கம்பியின் குணத்தைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாகென்டார்ஃப் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி பேட்டரியைத் தூக்கி வைத்துவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையிலிருந்து நிலையான மின்சாரம் எடுத்தார். அதற்குப் பிறகுதான் விதி பிடிபட்டது. பேட்டரியின் குறையையும் கம்பியின் குறையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அந்த விதி பிறந்த நாளிலிருந்தே இருக்கிற பாடம். 1827ல் புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதற்குச் சரியான வரவேற்பில்லை. மனம் நொந்து வேலையையே விட்டார். 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகு ஊர் திரும்பிப் பார்த்தது. (நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.)

ஓம் விதியை வண்டிக்குச் சொன்னால் இவ்வளவுதான்: தடை எவ்வளவு இருந்தாலும், மின்னோட்டம் இல்லாதபோது அதில் வோல்ட் இழப்பு இல்லை. சும்மா நிற்கிற வண்டியில் கெட்ட கேபிளும் நல்ல கேபிளும் ஒன்று. பாரம் ஏற்றினால்தான் வித்தியாசம் தெரியும்.

கேபிளைக் கழற்றி, நுனியின் உறையைக் கத்தியால் சீவினார். உள்ளே செம்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி, பாதி இழைகள் அறுந்திருந்தன. செம்பில் ஊறிய களிம்பை உயிரின் அழுக்குக்கு உவமை சொல்வார்கள் சைவ சித்தாந்தத்தில். வெளியே பளபளப்பாக இருக்கும், கூடவே உள்ளே இருக்கும். அந்த உவமையை நேரில் பார்த்தது அன்றுதான். புதுக் கேபிள், இரண்டு லக், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மற்ற டெர்மினல்களின் வெள்ளைப் பூப்பை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காயவைத்து, நட்டை முறுக்கி, மேலே வாசலைன் தடவினார். சாயங்காலம் வண்டி ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது. நான் செக்கைக் கிழித்துப் போட்டேன்.

இனி தொழில் கதை. விஞ்ஞானிகள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தாரா என்பதுதான் அதற்குப் பிந்தைய வரலாறு முழுக்க.

1897ல் நியூயார்க் தெருக்களில் மின்சார வாடகை வண்டிகள் ஓட ஆரம்பித்தன. ஈய பேட்டரி வண்டிகள்தான். பேட்டரி தீர்ந்தால் நிலையத்துக்குள் வந்து நிற்கும். அரை டன்னுக்கும் மேற்பட்ட பெட்டியை இயந்திரத்தால் வெளியே இழுத்து, சார்ஜ் ஏறிய வேறு பெட்டியைச் சில நிமிடங்களில் உள்ளே தள்ளிவிடுவார்கள். 'பேட்டரி ஸ்வாப்பிங்' என்று இப்போது நம் ஊரில் புதுமையாகப் பேசுகிறோமே, அதுதான். 1899 மே மாதம் ஜேக்கப் ஜெர்மன் என்ற டிரைவரை மன்ஹாட்டனில் அதிவேகத்துக்காகப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வேகம் மணிக்கு 12 மைல்! அவர் ஓட்டியதும் இந்த மின்சார டாக்ஸிதான். 1900ல் அமெரிக்காவில் தயாரான கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரக் கார்கள்.

முதலில் ஐசக் ரைஸ் என்பவரின் கையில் இருந்த எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனியில் 1899ல் பெரும் பணக்காரர்கள் நுழைந்தார்கள். ஆயிரக்கணக்கில் வண்டிகள், பல நகரங்களில் கிளைகள் என்று திட்டம் வீங்கியது. ஜனங்கள் அதை 'ஈய வண்டி டிரஸ்ட்' என்று கேலி செய்தார்கள். பழகிய ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு நிலையத்தில் ஓரளவு நடந்த காரியம், பழகாத ஆட்களோடு ஊர் ஊராகப் பரவியபோது நடக்கவில்லை. பேட்டரியைச் சரியாக நிரப்பத் தெரியாது, குலுங்கி உதிரும் தகடுகளைப் பார்க்கத் தெரியாது. கிளைகள் சில வருடங்களில் படுத்தன. பங்குச் சந்தை விளையாட்டுகளும் சேர்ந்துகொண்டன. 1907ல் கம்பெனி திவால். கிளையைத் திறப்பது சுலபம், கிளைக்கு ஆள் தயார் செய்வதுதான் கஷ்டம் என்பது வங்கிக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனிக்குப் பேட்டரி கொடுத்தது பிலடெல்பியாவின் எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி. 1900ல் அவர்கள் வண்டிகளுக்கென்று கொண்டு வந்த பேட்டரிக்கு வைத்த பெயர் எக்ஸைட். நம் ஊர் கடைப் பலகையில் தினமும் பார்க்கிற அதே பெயர்தான்.

எடிசன் ஈயத்தின் மேலேயே நம்பிக்கை இழந்து, நிக்கலும் இரும்பும் வைத்து வேறு பேட்டரி செய்யக் கிளம்பினார். 1901ல் அறிவித்தார். விற்ற பேட்டரிகள் ஒழுகியதால் திரும்பப் பெற்று, 1909ல்தான் திருத்திய வடிவம் வந்தது. அதற்குள் பெட்ரோல் கார் முந்திவிட்டது. 1912ல் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தபோது, கையால் சுழற்றும் கஷ்டமும் போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரக் காரை வீழ்த்திய அந்த ஸ்டார்ட்டருக்கும் ஈய பேட்டரிதான் வேண்டும். ஆனால் ஜாதி வேறு. ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகள் பெரிய மின்னோட்டம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். வண்டியையே இழுக்கிற பேட்டரிக்குத் தடித்த தகடு வேண்டும். தினமும் ஆழமாகக் காலியாகி மறுபடி நிரம்ப வேண்டும். விலை குறைவு என்று கார் பேட்டரியை வாங்கி இழுவை வண்டியில் போட்டால் சில மாதங்களில் போய்விடும். அங்கே குற்றம் பேட்டரியுடையது அல்ல, வாங்கினவருடையது.

சாலையிலிருந்து துரத்தப்பட்ட மின்சார வண்டி சில மூலைகளில் மட்டும் உயிரோடு இருந்தது. இங்கிலாந்தில் விடியற்காலையில் சத்தமில்லாமல் வீடு வீடாகப் பால் புட்டி வைத்துப் போன வண்டிகள், தொழிற்சாலைகளின் சுமை வண்டிகள், கடைசியாக கோல்ஃப் மைதானம். கலிஃபோர்னியாவின் லாங் பீச் வட்டாரத்தில், முதியோரும் நடக்க முடியாதவர்களும் கடைக்குப் போய் வர ஆட்டோயெட் என்ற மூன்று சக்கர மின்வண்டி இருந்தது. அந்த வண்டிக்காக 1952ல் ட்ரோஜன் கம்பெனி ஆழமாகக் காலியாகக்கூடிய பேட்டரியை உருவாக்கியது. கோல்ஃப் வண்டி பேட்டரியின் மூலம் அதுதான். அதே ஊர்க்காரரான மெர்ல் வில்லியம்ஸின் மார்க்கெட்டீர் கம்பெனி 1951லேயே கோல்ஃப் வண்டி தயாரிக்க ஆரம்பித்திருந்தது. 1954ல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் டோலன் சகோதரர்கள் இ-இசட்-கோ கம்பெனியைத் தொடங்கினார்கள். பணக்காரர் விளையாட்டின் வண்டி என்று நாம் நினைக்கிறோம். கால் முடியாதவர்களின் வண்டிதான் அதற்கு முன்னோடி. 2001ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை வேறு விதத்தில் நினைவுபடுத்தியது. கால் நோயுள்ள ஆட்டக்காரர் கேஸி மார்ட்டின், தொழில்முறைப் போட்டிகளில் வண்டியில் போகலாம் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

இந்த வண்டிகள் ஆறு பேட்டரி வைத்து 36 வோல்ட், பிறகு 48 வோல்ட் என்று வளர்ந்தன. ஒரே பெரிய பேட்டரியாகச் செய்தால் தூக்க முடியாது. ஒரு 6 வோல்ட் பேட்டரியே 28 கிலோ இருக்கும். அதனால் பல பேட்டரிகளை வரிசையாகக் கோத்தார்கள். கோத்தால் மூட்டுகள் பெருகும். எங்கள் வண்டியின் எட்டு பேட்டரிகளில் 16 டெர்மினல்கள், 16 லக்குகள். எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு மூட்டு கெட்டால் மீதிப் பதினைந்தும் நன்றாக இருந்து பயனில்லை. போதாததற்குப் பக்கத்திலேயே அமில ஆவி, குலுக்கல், மழைக்கால ஈரம். கோல்ஃப் கிளப்புகளில் இந்த வண்டி அரை நூற்றாண்டுக்கு மேல் பிழைத்ததற்குக் காரணம் பேட்டரியின் மகிமை மட்டும் இல்லை. ராத்திரி எல்லா வண்டியும் ஒரே கொட்டகைக்குத் திரும்பும். அங்கே சார்ஜ் போட, தண்ணீர் பார்க்க, நட்டு முறுக்க ஓர் ஆள் இருப்பார். நியூயார்க்கில் இல்லாமல் போனது அந்த ஆள்தான்.

நம் நாட்டில் அந்த ஆள் இருந்த இடம் ரயில்வே. பழைய ஜி.டி. எக்ஸ்பிரஸ் காலத்துப் பயணம் நினைவிருக்கிறதா? ராத்திரி ஏதோ ஒரு சிக்னலில் வண்டி வெகு நேரம் நின்றால் விளக்கு மஞ்சளாக மங்கும், மின்விசிறி சோம்பிப் போகும். கிளம்பி வேகம் பிடித்தால் மறுபடி பளிச்சென்று ஆகும். சக்கர அச்சில் பெல்ட்டால் சுழலும் டைனமோ, பெட்டிக்கு அடியில் ஈய பேட்டரி. இங்கிலாந்தின் ஜே. ஸ்டோன் கம்பெனி 1890களில் கொண்டு வந்த வழி. நாம் மங்கல் வெளிச்சத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு யார்டில் எங்கள் பெரியவர் போன்ற ஒருவர் குனிந்து ஹைட்ராமீட்டரில் எண் படித்ததால்தான் அந்த மங்கல் வெளிச்சமாவது இருந்தது.

சாலைக்கு மின்வண்டி இங்கே தாமதமாக வந்தது. 1996 டிசம்பர் 30ஆம் தேதி தாஜ்மஹால் வட்டார மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நினைவுச் சின்னத்தின் வாசலுக்குப் புகை வண்டிகள் போகக் கூடாது என்று ஆன பிறகு, பயணிகளை பேட்டரி வண்டிகள் கொண்டுபோய் விடுகின்றன. ஆக்ராவுக்கு அம்மா அப்பாவை அழைத்துப் போனவர்கள் அதில் உட்கார்ந்திருப்பீர்கள். 2001ல் பெங்களூரில் ரேவா கார் வந்தது. அதிலும் எட்டு 6 வோல்ட் ஈய பேட்டரிகள், எங்கள் வண்டியைப் போலவே 48 வோல்ட். 2010 வாக்கில் டெல்லித் தெருக்களில் இ-ரிக்‌ஷா புகுந்தது. 2014 ஜூலையில் உயர் நீதிமன்றம் தடை செய்தது. 2015ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அதற்கு இடம் கொடுத்தார்கள். பெரும்பாலானவற்றில் நான்கு 12 வோல்ட் ஈய பேட்டரிகள், அதே 48. இப்போது லித்தியமும் வந்துவிட்டது. ஆனால் கேபிளும் லக்கும் லித்தியத்துக்கும் வேண்டும். ஓமும் ஜூலும் அங்கேயும் உண்டு.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

2017ல் காஜியாபாத் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். இ-ரிக்‌ஷாவுக்கு முத்ரா கடன் கொடுத்தோம். என் கையெழுத்தில் போன ஒரு கடன், பீகாரிலிருந்து வந்த ஒரு மனிதருடையது. ஏழு மாதம் தவணை தேதி தவறாமல் வந்தது. எட்டாவது மாதம் நின்றது. போய்ப் பார்த்தேன். வண்டி மேம்பாலத்தில் ஏறமாட்டேன் என்கிறது என்றார். மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கி நான்கு பேட்டரியும் புதிதாகப் போட்டார். கொஞ்ச நாள் ஓடியது. மறுபடி அதே கதை. தொண்ணூறு நாள் தாண்டியது, கணக்கு வாராக் கடன் ஆனது, வண்டியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அவர் சொன்ன ஒரு வாக்கியம் அன்றைக்கு எனக்கு வெறும் புலம்பலாகப் பட்டது. "சாப், பேட்டரி புதுசுதான். ஆனா ஏத்தத்துல கம்பி கொதிக்குது." ஆய்வறிக்கையில் நான் எழுதியது, 'வாகனம் பழுது, வருமானம் தடை'. இரண்டே வார்த்தைகளில் நோயையே சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். ஆயிரம் ரூபாய்க் கேபிளாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த வண்டியின் சீட்டை அன்று யாரும் தூக்கிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

எங்கள் பெரியவர் கையை வெடுக்கென்று இழுத்த அந்த நொடியில் எனக்கு வந்தது அவர் முகம்தான்.

இப்போது இ-ரிக்‌ஷா ஆய்வுக்குப் போனால் ஆவணங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஓட்டுநரை ஒரு சுற்றுப் போய் வரச் சொல்கிறேன். சாவியை அணைக்கச் சொல்லி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கேபிள் நுனிகளைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். கூட வருகிற இளம் அதிகாரிகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இதுவரை இரண்டு வண்டிகளில் சூடு கண்டுபிடித்துக் கேபிள் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒரு வண்டி இருக்கலாம், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம். பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொன்னால், பாரம் ஏற்றி அளந்தீர்களா, மூட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து டவரில் பொன்மலைக்காரர் யாராவது இருக்கிறாரா என்றும் விசாரித்து வையுங்கள்.